நினைவு திரும்பிய நங்கை

புத்தர் பெருமான் வாழ்ந்த காலத்தில் கோசல நாட்டின் தலைநகராய்ச் சிறந்து விளங்கியது சாவத்தி. இன்று அதன் இடிபாடுகள் உத்தரப் பிரதேசத்தில் உள்ளன. அந்நகரத்துச் செல்வர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் படாசாரை அம்மையார். பெற்றோர் வேறிடத்தில் மணம் பேசவே, வீட்டு வேலையாள் ஒருவரோடு வெளியேறித் தொலைவிலுள்ள சிற்றூரில் குடித்தனம் நடத்தினார். அது சரியா தவறா என்று நாம் இங்கே வழக்காட வேண்டியதில்லை.

இரண்டாம் பேறுகாலம் நெருங்கியபோது, தாய்வீடு செல்ல விரும்பிக் கணவரோடும் மூத்த மகனோடும் புறப்பட்டார். நடுவழியில் பெருமழை, பிரசவ வலியும் கண்டது. குடிசை போடக் கம்பு வெட்டச் சென்ற கணவரைப் புற்றிலிருந்த பாம்பு தீண்டியது. அதை அறியாத அவர், இரவு முழுவதும் தம் உடலையே கூரையாக்கி இரு குழந்தைகளையும் காத்தார். விடிந்ததும் கண்டது கணவரின் சடலத்தை. அழுதபடியே நடந்தவரை அசிரவதி ஆற்றின் வெள்ளம் மறித்தது. மூத்தவனை இக்கரையில் நிறுத்தி, பச்சிளங் குழந்தையை அக்கரையில் கிடத்தி, மூத்தவனை அழைத்துவரத் திரும்பினார். நடு ஆற்றில் நிற்கையில் பருந்தொன்று குழந்தையைத் தூக்கியது. அதை விரட்டக் கைகளை உயர்த்திக் கூவினார். அம்மா தன்னைக் கூப்பிடுவதாக எண்ணி மூத்தவன் ஆற்றில் இறங்கினான், வெள்ளம் கொண்டுபோயிற்று. சாவத்தியை நெருங்கியபோது, இரவுப் புயலில் வீடு இடிந்து பெற்றோரும் உடன்பிறந்தவனும் மாண்ட செய்தியை வழிப்போக்கர் ஒருவர் கூறினார். ஒரே சிதையில் எழுந்த புகையும் தெரிந்தது.

அக்கணமே அவருக்குச் சித்தம் கலங்கிற்று. ஆடை நழுவியதும் தெரியாமல் அலைந்தார். ஊரார் பைத்தியக்காரி என்று சொல்லிக் குப்பையை வீசினர். ஜேதவனத்தில் புத்தரின் அவைக்குள் அவர் நுழைந்தபோதும் பலர் தடுத்தனர். புத்தரோ, தடுக்க வேண்டாம் என்று கூறி, தங்கையென அழைத்து, நினைவைத் திரும்பப் பெறுமாறு சொன்னார். நினைவு வந்தது, நாணமும் வந்தது. ஒருவர் தம் மேலாடையை எறிந்து மூட உதவினார். அதன்பின்பே அவர் தம் கதையைச் சொல்ல, புத்தர் முழுவதும் கேட்டார்.

புத்தர் நாடச் சொன்ன அந்த நினைவுக்குப் பாலி மொழியில் சதி என்று பெயர். (நம் காதுக்கு இச்சொல் வேறு பொருள் தரும்!) இந்தக் கணத்தில் உள்ளதை உள்ளபடி கவனித்திருப்பதே அது. நினைவு தப்பிற்று, நினைவு திரும்பிற்று என்று தமிழில் நாம் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

அவர் பிக்குணியானார், ஆயினும் மனப்பயிற்சி நிறைவுபெற நாளாயிற்று. ஒருநாள் கால் கழுவுகையில், முதலில் ஊற்றிய நீர் சிறிது தூரம் ஓடி மண்ணில் மறைந்தது. அடுத்தது சற்றுத் தள்ளி. மூன்றாவது இன்னும் தள்ளி. மனிதரும் இவ்வாறே இளமையிலோ நடுவயதிலோ முதுமையிலோ மறைகின்றனர் என்று அமைதியாகக் கவனித்தார். தம் மூத்த மகனைக் கொண்டுபோன அதே நீரைத்தான் அவர் கலங்காமல் பார்த்தார்! அன்றிரவு விளக்குத் திரியை ஊசியால் உள்ளிழுத்தார். சுடர் அணைந்தபோது அவர் மனமும் விடுதலை பெற்றது.

1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபட்-ஸின் இப்பயிற்சியை நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர், மனச்சோர்வு நோய் மீண்டும் மீண்டும் வருவோருக்கென ஒரு முறையும் வகுக்கப்பட்டது. ஆனால் மருந்தும் மருத்துவரும் வேண்டிய இடத்தில், கண்ணை மூடி உட்கார் என்று மட்டும் சொல்வது கொடுமை. படாசாரைக்கும் முதலில் கிடைத்தவை ஓர் ஆடையும் அன்பான விளிப்பும் கேட்கும் செவியும் அல்லவா?

வினய ஒழுக்கத்தில் தலைசிறந்த பிக்குணியென அவரைப் புத்தர் பாராட்டினார். ஏழாண்டுகள் வீடு வீடாகப் பிச்சையெடுத்த சந்தா என்னும் விதவையை அவரே சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். வியாகுல மாதாவை வணங்கும் நமக்கு அடுத்த செய்தி நன்கு விளங்கும். பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கதறிய தாய்மார் 500 பேர் அவரிடமே ஆறுதல் தேடி வந்தனராம். அவர்களின் பாடல்கள் தேரி காதையில் அவருடைய பாடலுக்குச் சற்றுப் பின்னே இடம்பெற்றுள்ளன.