உதவித்தொகையில் படித்த அம்பேத்கர் கட்டணத்தை ஏன் எதிர்த்தார்?

அண்ணல் அம்பேத்கரின் கல்விப் பயணத்தை நாம் பெரும்பாலும் ஒரு சாதனைக் கதையாகவே சொல்லி வருகிறோம். அதன் செலவுக் கணக்கையும் சேர்த்துப் படித்தால், அரசுப் பல்கலைக்கழகங்களிலேயே கட்டணம் உயர்ந்துவரும் இக்காலத்திற்கு வேண்டிய பாடம் அதில் கிடைக்கும்.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் படித்தபோது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் வழங்கினார். 1913-இல், பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுவதாக ஒப்பந்தமிட்டு, மூன்றாண்டு உதவித்தொகையுடன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916-இல் லண்டனில் படிப்பைத் தொடர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும், 1917-இல் அதைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் பணியேற்றபோது தீண்டாமை அவருக்குத் தங்கும் இடத்தைக்கூட மறுத்தது. பின்னர் சிடனாம் கல்லூரிப் பேராசிரியராகச் சேமித்த ஊதியம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பரிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920-இல்தான் மீண்டும் லண்டன் செல்ல முடிந்தது.

அத்தகைய மாணவரின் படிப்பே ஒரு மன்னரின் விருப்பத்தையும் ஒரு கெடுநாளையும் சார்ந்திருந்தது. எனவே, திறமையுள்ளவர் எப்படியும் மேலே வந்துவிடுவார் என்ற முடிவுக்கு அவர் வரவில்லை.

1927-இல் பம்பாய் மாகாணச் சட்டசபையில் கல்வி நிதி குறித்துப் பேசிய அவர், கலைக் கல்லூரிகளின் செலவில் 36 விழுக்காடும் உயர்நிலைப் பள்ளிகளின் செலவில் 31 விழுக்காடும் மாணவர் கட்டணத்திலிருந்தே பெறப்படுவதைச் சுட்டிக்காட்டினார். இது கல்வியை வணிகமாக்குவது என்று கண்டித்தார். ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அப்போதுதான் பள்ளி, கல்லூரிகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்தனர். அந்த நேரத்தில் உயர்கல்வியை அவர்களுக்கு இயன்றவரை மலிவாக்குவதே அரசின் கொள்கையாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

உதவித்தொகையை அவர் கைவிடவுமில்லை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற 1942-இல், பட்டியல் சாதி மாணவரின் உயர்கல்விக்கு அரசு நிதி ஒதுக்கக் கோரி மனு அளித்தார். 1944-இல் மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு மன்னரின் கொடையாக அவருக்குக் கிடைத்தது, பிறருக்கு அரசின் கடமையாயிற்று.

மதிப்பெண் அடிப்படையிலான தகுதி உதவித்தொகையைக் காட்டி இன்று கட்டண உயர்வை நியாயப்படுத்துவோர் உண்டு. அத்தொகை முன்வரிசையில் நிற்கும் சிலரைச் சேரும்; உயர்ந்த கட்டணமோ முதல் தலைமுறை மாணவர் அனைவரையும் வாசலிலேயே நிறுத்தும். கட்டணத்தைச் சேர்க்கையின்போதே கேட்டு, உதவித்தொகையைப் பல மாதம் கழித்துத் தந்தால், இடைப்பட்ட காலத்தை அந்தக் குடும்பம் கடன் வாங்கியே கடக்க வேண்டும்.

ஆகவே குறைந்த கட்டணம், உரிய காலத்தில் உதவித்தொகை என்ற இரண்டையும் நாம் சேர்த்தே கோர வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க அரசுகளை அனுமதிக்கலாகாது.