போட்டியில் தோற்ற பாட்டும் அதை எழுதியவரும்

கலவானயில் நான் படித்த தோட்டப் பாடசாலையில் காலைக் கூட்டம் தேசிய கீதத்தோடுதான் தொடங்கும். தமிழில் பாடுவோம். யார் எழுதியது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. தமிழாக்கம் பண்டிதர் மு. நல்லதம்பியுடையது என்பதையும், மூலப் பாடலை எழுதிய ஆனந்த சமரக்கோன் பட்ட பாட்டையும் ஊடகக் கற்கை படிக்கும் காலத்தில்தான் அறிந்துகொண்டேன்.

சமரக்கோன் 1911இல் பாதுக்கைப் பகுதியில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1936இல் தாகூரின் சாந்திநிகேதனுக்குச் சென்று கலை பயின்றார். சில மாதங்களிலேயே திரும்பி வந்து, பௌத்தத்தைத் தழுவி, ஜோர்ஜ் வில்பிரட் என்ற பெயரை விட்டு ஆனந்த ஆனார். காலி மகிந்த கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1940இல், ‘நமோ நமோ மாதா’வை எழுதி இசையமைத்தார். 1945இல் ஐந்து வயதான ஒரே மகன் இறந்துபோனான். அந்தத் துயரோடு இந்தியாவுக்குப் போய் ஓவியம் வரைந்துகொண்டிருந்தார்.

சுதந்திரம் நெருங்கியபோது லங்கா காந்தர்வ சபை தேசிய கீதத்துக்கான போட்டியை நடத்தியது. பலருக்கும் பிடித்திருந்த சமரக்கோனின் பாடல் அதில் தோற்றது. பி. பி. இலங்கசிங்க எழுதி, லயனல் எதிரிசிங்க இசையமைத்த பாடல் வென்றது. அவ்விருவரும் நடுவர் குழுவிலும் இருந்தவர்கள் என்பதால் சர்ச்சை எழுந்தது. வென்ற பாடல் 1948 பெப்ரவரி 4 காலை வானொலியில் ஒலித்தது. சுதந்திர தின வைபவத்தில் பாடப்படவில்லை.

தோற்ற பாடல் 1949 சுதந்திர தின நிகழ்வில் சிங்களத்திலும் தமிழிலும் பாடப்பட்டது. 1951 நவம்பர் 22இல் அமைச்சரவை அதையே தேசிய கீதமாக ஏற்றது.

கதை அதோடு முடியவில்லை. 1952இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1959இல் பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டார். பாடலின் தொடக்கச் சொற்கள் அபசகுனம் என்ற பேச்சு கிளம்பியது. சமரக்கோன் கடுமையாக எதிர்த்தும் 1961இல் அரசாங்கம் முதலடியை மாற்றியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தன் பாடல் சிதைக்கப்பட்ட வேதனையைக் கடிதத்தில் எழுதி வைத்திருந்தார்.

இந்த வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு நம் நினைவும் வருகிறது. அந்தப் பாடலின் தமிழ் வடிவம் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே இருக்கிறது. ஆனாலும் பல பத்தாண்டுகள் கழித்து 2016இல்தான் அது மீண்டும் சுதந்திர தின மேடைக்கு வந்தது. 2020இல் மறுபடியும் விடுபட்டது. 1977, 1983 வன்செயல்களில் இரத்தினபுரித் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கே யுத்தத்தையும் சந்தித்த குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலருக்கு அந்தக் கீதத்தைக் கேட்க மனம் வராது. அதில் எனக்கு வியப்பில்லை. இருந்தாலும், ஒரு சிங்களக் கவிஞரின் சொல்லைக் கேட்காமலே மாற்றிய அதிகாரந்தான் நம் மொழியையும் வேண்டும்போது மேடையேற்றி, வேண்டாதபோது இறக்கிவிடுகிறது. சமரக்கோனை நாம் தெரிந்துவைத்திருக்க அது ஒன்றே போதும்.