‘யளனகப’ தந்த முத்தையா

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று அழைக்கப்படும் ஆர். முத்தையா, 1886-ல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907-ல் மலாயா வந்து, முதலில் இருப்புப்பாதைத் துறையில் வேலை பார்த்தார். பிறகு, ஈப்போவில் பெயர்பெற்ற எய்ல்ஸ்பரி அண்ட் கார்லண்ட் நிறுவனத்தில் சேர்ந்து, 1930 வரை பணியாற்றித் தலைமை எழுத்தராக உயர்ந்தார்.

பேராக்கில் ஈயமும் ரப்பரும் கொழித்த காலம் அது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் பேசியது தமிழ். அலுவலகத்தில் கிராணி தட்டச்சு செய்ததோ ஆங்கிலம். தமிழில் கடிதம் என்றால் கையால்தான் எழுத வேண்டும்.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, தமிழுக்கு 247. பொறியில் இருப்பது ஏறக்குறைய நாற்பது விசைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து வைத்தாலும் நூறு தேறாது. விசைகளைக் கூட்டிக்கொண்டே போனால் பொறியின் விலை ஏறும், விரலும் எட்டாது. முத்தையா எழுத்துகளைப் பிரித்தார். கொம்பு, கால் போன்றவற்றைத் தனி விசைகளாக்கினார். கு, டு போன்றவை பிரிக்க வராதவை என்பதால் அவற்றுக்குத் தனி இடம் கொடுத்தார். புள்ளிக்கும் ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் மேல் விசிறிக்கும்தான் சிக்கல். அவை மெய்யெழுத்தின் தலையிலேயே விழ வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி ‘நகரா விசை’. அதை அடித்தால் குறி பதியும், தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து சேரும். இன்றைய மென்பொருள் வடிவமைப்பாளர் மண்டையை உடைத்துக்கொள்ளும் அதே கணக்குத்தான் இது: குறைந்த உறுப்பு, நிறைந்த பயன், தாங்கக்கூடிய விலை.

பொறியைச் செய்து தர இங்கே தொழிற்சாலை ஏது? ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனத்திடம் கொடுத்துச் செய்வித்தார். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் வார்த்த தமிழ் எழுத்துகள் அவை!

கணினி வந்தபோது தாள் நகரும் கவலையே இல்லாமல் போனது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி, ஒலிமுறையில் அமைந்த ‘தமிழ் 99’ விசைப்பலகை தரமாக ஏற்கப்பட்டது. கற்க எளிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் பழைய அமைப்பு சாகவில்லை. பணம் கட்டிப் பயின்று, அதை வைத்தே வேலை வாங்கியவர்களின் விரல்களை எந்த அரசாணை மாற்றும்? ஆகவே மென்பொருள்கள் இரண்டையும் சுமந்தன. நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் அப்படித்தான்.

தமிழ்நாட்டுத் தட்டச்சுப் பயிலகங்களில் முதல் பாடம் இன்றும் நடு வரிசைதான்: ய, ள, ன, க, ப.