சகோதரி சுப்பலட்சுமி

சென்னைக் கடற்கரைச் சாலையில் நிற்கும் ஐஸ்ஹவுஸ், 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டது. விவேகானந்தர் தங்கிய இடம் என்று அதனைப் பலரும் அறிவர். பின்னாளில் இளம் கைம்பெண்கள் அங்கே தங்கிப் பள்ளிப்பாடம் பயின்றனர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்களை அங்கே சேர்த்தவர் சுப்பலட்சுமி.

1886இல் மயிலாப்பூரில் பிறந்த அவருக்குப் பதினொரு வயதில் மணமாயிற்று. சில காலத்திலேயே கணவர் இறந்தார். தலைமயிர் களைந்து வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்குவதே அக்காலக் கைம்பெண்களுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு. தந்தை சுப்பிரமணிய ஐயர் அதற்கு இசையவில்லை. ஊரார் பழிக்கு அஞ்சாது மகளைப் படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சுப்பலட்சுமியே சென்னை மாகாணத்தின் முதல் இந்துக் கைம்பெண் பட்டதாரி.

தாம் பெற்ற வாய்ப்பு பிற பெண்களுக்கும் கிட்ட வேண்டும் என அவர் விழைந்தார். அடுத்த ஆண்டில், எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கு சிறுமியருடன் விடுதி தொடங்கிற்று. அவர்தம் சித்தி வாலாம்பாளும் கைம்பெண்ணே. அவ்வம்மையார் பிள்ளைகளைத் தாய்போல் பேணினார். கல்வியைவிடக் கடினமானது, பெற்றோரின் அச்சத்தை நீக்குவது. மகளை அனுப்பினால் ஆசாரம் கெடும் என்று கலங்கியோருக்காக, விடுதியில் பழைய நியமங்களைச் சுப்பலட்சுமி அப்படியே காத்தார். பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே அங்கு இடமிருந்தது. சீர்திருத்தம் விரும்பியோர் இதனைக் குறை கூறினர். அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் அந்த விட்டுக்கொடுத்தல் இல்லையெனில், அச்சிறுமியருள் பலர் வீட்டு வாயிலையே தாண்டியிருக்கமாட்டார்கள்.

எண்ணிக்கை பெருகவே, அரசின் துணையுடன் விடுதி ஐஸ்ஹவுஸுக்கு மாறியது. 1914இல் தொடங்கப்பெற்ற இராணி மேரிக் கல்லூரியும் அதே கடற்கரைச் சாலையில் இருந்தது. பள்ளியிறுதி முடித்தோருக்கு ஆசிரியப் பணி வாழ்வளித்தது. அப்பயிற்சிக்கென 1922இல் தோன்றிய லேடி வில்லிங்டன் கல்லூரிக்கு அவரே முதல்வரானார். பதினெட்டு வயதைக் கடந்தவர்களை விடுதி ஏற்கவில்லை. காலம் தாழ்ந்து படிக்க வந்த அத்தகையோரையும் விட்டுவிட மனமின்றி, 1927இல் சாரதா வித்யாலயத்தை நிறுவினார். அருகிலிருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்கும் பள்ளி அமைத்தார்.

1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஓய்வை நாடவேண்டிய முதுமையில், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென ஒரு சமூக நல மையம் அமையத் துணைநின்றிருந்தார். 1969 டிசம்பரில் மறைந்தார்.