பேராயர் அசரியா

நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தெலுங்கு மக்களிடையே பணியாற்ற விரும்பித் தோர்ணக்கல் சென்றார். முப்பது வயதுக்குமேல் தெலுங்கு கற்றார். இரு மொழியும் கேட்டு வளரும் சித்தூர்ச் சிறுவர்க்கு அஃது எளிது, அவருக்கு எளிதன்று. 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

அந்நாளில் சீர்திருத்தக் கிறித்தவர்கள் பல சபைகளாகப் பிரிந்திருந்தனர். மேனாட்டில் தோன்றிய அப்பிரிவுகள் நம் ஊர்களிலும் தொடர்வானேன் என அசரியா கவலையுற்றார். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், சபைகள் ஒன்றிணைய வேண்டுமென அழைப்பு விடுத்தனர். அவர்களுள் அவர் முதன்மையானவர். பேராயர் பதவி முதலிய சிக்கல்களால் பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. சித்தூர்ப் பகுதிச் சபைகளும் அதில் இணைந்தன. 1945 சனவரி முதல் நாளில் மறைந்த அசரியா அதனைக் காணவில்லை.