இராஜாஜி கேட்ட வரி



எங்க வீட்டுல முதன்முதலா படிக்க வந்தவன் நான்தான். அப்பா மலையடிவாரத்துல பூ விக்கிறவர். ஒருநாள் மளிகைக்கடை பில்லைக் காட்டி, இந்த வரியை யாருப்பா போட்டாங்கன்னு கேட்டார். முழிச்சேன். பதில் தேடிப் போன இடத்தில் கிடைத்தவர்தான் மூதறிஞர் இராஜாஜி.

1878 டிசம்பர் 10-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் பேரெடுத்த வக்கீல். காந்தியடிகளைப் பின்பற்றித் தொழிலை உதறிச் சிறை சென்றவர். 1937 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் பிடித்தது. இராஜாஜி ஆட்சிப் பொறுப்பேற்றார். நிதித் துறையையும் தாமே வைத்துக்கொண்டார்.

1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1938-ல் சித்தூருக்கும் கடப்பாவுக்கும் வந்தது. நம்ம திருத்தணி அப்போ சித்தூர் மாவட்டம்தானே! 1960-லதான் நாம இந்தப் பக்கம் சேர்ந்தோம். குடியால கெட்ட குடும்பம் எங்க தெருவுலயும் உண்டு. அதனால இது எனக்கு வெறும் சரித்திரமில்லை.

ஆனால் கள், சாராய வருமானம் போனால் கஜானா என்னாவது? அதற்காகத்தான் விற்பனை வரி. மந்திரி நினைத்த மாத்திரத்தில் வரி போட முடியாது. கவர்னரின் சிபாரிசோடு மசோதா கொண்டுவர வேண்டும். சபை சம்மதிக்க வேண்டும். வியாபாரிகள் கொதித்தார்கள். இராஜாஜி பின்வாங்கவில்லை. 1939-ல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவிலேயே பொது விற்பனை வரி அதுதான் முதல். சிறு கடைகளுக்கு விலக்கும் இருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில், உலகப் போர்ப் பிரச்சினையில் அமைச்சரவை ராஜினாமா செய்தது. கவர்னர் ஆட்சி வந்தது. 1943-ல் மதுவிலக்கை நிறுத்தினார்கள். விற்பனை வரியை மட்டும் விடவில்லை! எந்தக் காரணம் சொல்லி வரி கேட்டார்களோ அந்தக் காரணமே போய்விட்டது. ஏன் என்று கேட்கச் சபை கூடவில்லை. இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

1950-ல் வந்த நம் அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவு, சட்டமில்லாமல் வரியில்லை என்கிறது. பாராளுமன்றத்திலும் இதே முறைதான். வரி யோசனையை அரசாங்கம்தான் கொண்டுவர வேண்டும். மக்களவை அதைக் குறைக்கலாம், மறுக்கலாம். தானாக ஏற்ற முடியாது. மாநிலங்களவை 14 நாளுக்குள் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஆக, கேட்டவருக்கும் பொறுப்பு, சம்மதித்தவருக்கும் பொறுப்பு. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டித் தப்ப முடியாது.

இராஜாஜி 1972 டிசம்பர் 25-ல் மறைந்தார். அவர் போட்ட வரி பேர் மாறி, உருமாறி, 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி.யில் கலந்துவிட்டது.

அப்பாவுக்கு இப்போ பதில் சொல்லிட்டேன். மந்திரி கேட்டாரு, நீங்க ஓட்டுப் போட்டு அனுப்பினவங்க சம்மதிச்சாங்கன்னு. அப்பா சிரிச்சுக்கிட்டே, அப்போ நானும்தான் போட்டிருக்கேன்னு சொன்னார்.

நண்பர்களே, 18 வயசு நமக்கும் வந்தாச்சு. ஓட்டுப் போடும்போது அந்த பில்லையும் கொஞ்சம் நினைச்சுக்குவோம்!