பம்பரமும் ராக்கெட்டும்



நீங்கள் எல்லாரும் பம்பரம் விட்டிருப்பீர்கள். சாட்டையைச் சுண்டியதும் ஆணி முனையிலே ஜம்மென்று நிற்கும். வேகம் போனால் தலையாடிப் படுத்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தைக் கொண்டு ராக்கெட்டை நேராகப் போக வைத்தாரே ஒருவர், அவர் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் ராபர்ட் காடர்ட். 1882-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்தார். நோஞ்சான் பிள்ளை. நோயினால் பள்ளிப் படிப்பும் பிந்திப் போனது. 1899 அக்டோபர் 19-ஆம் நாள், பட்ட கிளைகளை வெட்ட வீட்டுச் செர்ரி மரத்தில் ஏறியவருக்கு, செவ்வாய்க் கிரகத்துக்கே போகும் யந்திரம் ஒன்று மனக்கண்ணில் தெரிந்தது. எடையைச் சுழற்றினால் மேலே எழும்பலாம் என்று நினைத்தார். மரத்தால் மாதிரிகள் செய்து, ஈயக் குண்டு கட்டிச் சுழற்றிப் பார்த்தார். ஒன்றும் எழும்பவில்லை! அப்புறம்தான் நியூட்டன் சொன்ன எதிர்விசையின் பக்கம் திரும்பினார். ஆனாலும் அந்தச் சுழற்சி அவரை விடவில்லை பாருங்கள், பின்னால் வருகிறது.

1913-இல் காசநோய் கண்டு, பிழைப்பதே கடினம் என்றார்கள். பிழைத்தார். 1920-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அவரைக் கேலி செய்தது. காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு போகும் என்பது அதன் கேள்வி. ஊதிய பலூனின் வாயை விட்டுவிடுங்கள், ஓடுகிறதல்லவா? உள்ளேயிருந்து பீறிடும் காற்றின் எதிர்விசைதான் அதை ஓட்டுகிறது, வெளிக்காற்று தேவையில்லை. படித்தவர்களுக்கே அன்று இது விளங்கவில்லை.

1926 மார்ச் 16. ஆபர்ன் என்னும் ஊரில், உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் பண்ணை. பெட்ரோலும் திரவ ஆக்ஸிஜனும் நிரப்பிய ராக்கெட் இரண்டரை விநாடி பறந்து, 41 அடி உயரம் போய், 184 அடி தள்ளி விழுந்தது. நம் தென்னை மர உயரம்கூட இல்லை என்று சிரிக்காதீர்கள். திரவ எரிபொருளில் உலகிலேயே முதலில் பறந்தது அதுதான்!

அதில் இஞ்சின் உச்சியில் இருந்தது. முன்னால் மாடு பூட்டிய வண்டி மாதிரி நேராக இழுத்துப் போகும் என்று எண்ணினார். அப்படி நடக்கவில்லை. இஞ்சினை அடியில் வைத்தாலும் ராக்கெட் சாய்ந்தது. இங்கேதான் பம்பரம் வருகிறது.

1930-இல் நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல்லுக்குக் குடிபெயர்ந்து, ராக்கெட்டுக்குள் சுழலும் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். ஜைரோஸ்கோப் என்பார்கள். ராக்கெட் சாய்ந்தாலும் சுழலும் சக்கரம் தன் திசையை விடாது. அந்த வித்தியாசம் வாயுக் குழாயைத் திறக்க, சிறு தகடு ஒன்று நெருப்புச் சீற்றத்துக்குள் நுழைந்து ராக்கெட்டை நிமிர்த்தும். 1932 ஏப்ரல் 19-இல் சோதித்தார்கள். ராக்கெட் சீக்கிரமே விழுந்துவிட்டது. ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தால், எந்தத் தகடு உள்ளே நுழைய வேண்டுமோ அது மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது! விழுந்த ராக்கெட்டிலும் வேலை செய்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்த மனிதர் அவர். திருத்தித் திருத்தி, 1935 மார்ச் 28-இல் 4,800 அடி உயரம் எட்டினார்.

1945-இல் காலமானார். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவுக்குப் புறப்பட்ட மறுநாள், அதே பத்திரிகை தன் பழைய தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. அதைப் படிக்கக் காடர்ட் இல்லை. அவர் மனைவி எஸ்தர் இருந்தார்.